சீட்டை எப்போது கழிப்பது? காட்பாடி மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்தாறு பேர் கூடுவோம். கத்திரி வெயிலில் ஏழு மணிக்கு முன்னால் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது, அதனால் கோடையில் கொஞ்சம் தாமதம். பாயில் டொமினியன் என்ற சீட்டாட்டப் பெட்டி, அவரவர் போனில் ஸ்லே த ஸ்பயர் என்ற சீட்டு விளையாட்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் எழுதி வைத்தது இது.

இது ரம்மி மாதிரியா?

இல்லை. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இங்கே ஆளுக்கொரு சொந்தக் கட்டு. தொடக்கத்தில் அந்தக் கட்டு படு மட்டமாக இருக்கும். ஆடிக்கொண்டே புதுச் சீட்டுகளைச் சேர்த்து அதைத் தேற்ற வேண்டும், ஆட்டமே அதுதான். இந்த வகையைப் பெரிய அளவில் பரப்பியது 2008-இல் வந்த டொமினியன். உருவாக்கியவர் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ. மறு வருடமே ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது அதற்குக் கிடைத்தது. ஸ்லே த ஸ்பயர் 2019-இல் முழுதாக வெளிவந்த கணினி விளையாட்டு, பிறகு போனுக்கும் வந்துவிட்டது. அதில் எதிரில் ஆள் கிடையாது. ஒரு கோபுரத்தில் ஏறிக்கொண்டே அரக்கர்களோடு மோத வேண்டும்.

கீழே போட்ட சீட்டுக்கும் கழித்த சீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரம்மி ஆடிப் பழகியவர்கள் இடறி விழுவது இங்கேதான். ரம்மியில் வேண்டாத சீட்டைக் கீழே போட்டால் தொல்லை விட்டது. இங்கே அப்படிப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து சீட்டு எடுக்கிறீர்கள். ஆடியது, ஆடாதது எல்லாம் சுற்றின் முடிவில் பக்கத்தில் ஒரு குவியலாகச் சேரும். எடுக்கிற கட்டு தீர்ந்ததும் அந்தக் குவியலைக் கலைத்துத் திரும்பவும் கட்டாக வைப்பார்கள். இப்போது நீங்கள் ஒதுக்கிய மட்டமான சீட்டு இரண்டு சுற்றுக்குப் பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வரும்.

கழிப்பது என்றால் அந்தச் சீட்டை உங்கள் கட்டிலிருந்தே ஒரேயடியாக வெளியேற்றுவது. அது தானாக நடக்காது. அதற்கென்று ஒரு சீட்டோ, கடையோ, காசோ வேண்டும்.

கையில் இருக்கிறதைக் காசு கொடுத்து வீசுவதா? அதில் என்ன லாபம்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டொமினியனில் தொடக்கக் கட்டு 10 சீட்டு. 7 காப்பர், தலா ஒரு காசு. 3 எஸ்டேட், அதில் காசே கிடையாது, கடைசியில் தலா ஒரு புள்ளி மட்டும். 10 சீட்டில் 7 காசு, அதாவது ஒரு சீட்டுக்குச் சராசரி 0.7. ஐந்து சீட்டு எடுத்தால் சராசரியாக மூன்றரைக் காசு.

இப்போது மூன்று எஸ்டேட்டையும் கழித்துவிடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மீதி 7 சீட்டு, 7 காசு. இனி ஒவ்வொரு கையிலும் 5 காசு வரும். ஒரு பைசாவுக்குக்கூடப் பொருள் வாங்காமல் வருமானம் மூன்றரையிலிருந்து ஐந்தாகிவிட்டது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏதோ ஏமாற்று வேலை போலத்தான் தோன்றியது.

டொமினியனில் சேப்பல் என்றொரு சீட்டு உண்டு. விலை வெறும் 2. கையிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு சீட்டு வரை கழிக்கலாம். பார்க்க ஒன்றுமில்லாத சீட்டு. புதிதாக வந்தவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. மூன்று ஞாயிறு தோற்ற பிறகு தொடுவார்கள்.

அப்படியானால் முதல் சுற்றிலிருந்தே கழிக்கத் தொடங்கலாமா?

எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. டொமினியனில் ஆமாம், ஸ்பயரில் கொஞ்சம் பொறுங்கள். வலையில் கிடைக்கிற அறிவுரைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழித்ததன் பலன் கழித்த அன்றே கிடைக்காது. அந்தச் சீட்டு வந்திருக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அதன் இடத்தில் வேறொன்று வருகிறது, பலன் அவ்வளவுதான். அப்படியானால் ஆட்டத்தில் இன்னும் எத்தனை முறை கட்டு கலையப்போகிறது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் கழித்தால் அத்தனை முறையும் லாபம். கடைசிச் சுற்றில் கழித்தால் சுத்தமாகப் பூஜ்யம்.

டொமினியனில் உங்களை யாரும் கொல்லப்போவதில்லை. எஸ்டேட் கையில் வந்தால் எதையும் செய்யாது, வெறுமனே இடத்தை அடைக்கும். அதனால் முதல் இரண்டு சுற்றிலேயே சேப்பலை வாங்கிவிடலாம். தொடக்கக் கட்டை முதல் இரண்டு கைகளாகப் பிரித்தால் காசு 3-4 என்றோ 5-2 என்றோதான் விழும். ஆறில் ஐந்து தடவை 3-4, ஒரு தடவை 5-2. எப்படி விழுந்தாலும் 2 காசு சேப்பலுக்கு இடம் உண்டு. இன்னொரு கையில் 3 காசுக்கு சில்வர் என்ற காசுச் சீட்டு ஒன்று வாங்கினால் கட்டு 12 ஆகும். மூன்றாவது, நான்காவது சுற்றில் அதில் 10 சீட்டைப் பார்த்துவிடுவீர்கள். ஆகவே சேப்பல் அதற்குள் கைக்கு வர 83 சதவீத வாய்ப்பு. வந்தவுடன் கையில் இருக்கும் எஸ்டேட்டுகளைக் கழியுங்கள், அவற்றோடு ஓரிரு காப்பரையும். அந்தச் சுற்றில் வாங்க முடியாமல் போனாலும் கவலை வேண்டாம்.

ஸ்பயரில் நிலைமை வேறு. ஐயன்கிளாட் என்கிற முதல் வீரனை எடுத்துக்கொள்வோம். கட்டில் 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பாஷ். ஸ்ட்ரைக் 6 அடி அடிக்கும், டிஃபெண்ட் 5 அடியைத் தடுக்கும். இரண்டுமே மட்டம்தான், ஆனால் எஸ்டேட் மாதிரி செத்த சீட்டு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டு வந்தாலும் சக்தி 3 தான். ஒரு சக்தி விலையுள்ள சீட்டுகளென்றால் மூன்றை ஆடுவீர்கள், இரண்டு சும்மா கிடக்கும். எப்படியும் கிடக்கப்போகிற இரண்டில் ஒன்று ஸ்ட்ரைக்காக இருந்தால் நஷ்டம் என்ன? அந்த ஸ்ட்ரைக்கை விட நல்லது கட்டில் இருந்து, அது வராமல் போகிறபோதுதான் நஷ்டம்.

ஆகவே கோபுரத்தின் முதல் சில மாடிகளில் இரண்டு மூன்று நல்ல அடிச் சீட்டுகளைச் சேருங்கள், அப்புறம் கழியுங்கள். டொமினியனில் கழித்துவிட்டுச் சேர்ப்பது போல் இங்கே செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். நானே மாட்டியிருக்கிறேன். சேப்பல் போதை தலைக்கேறியிருந்த நாட்களில் ஒருமுறை கடையிலும் வழியில் வந்த நிகழ்வுகளிலுமாக ஸ்ட்ரைக்குகளையே தேடித் தேடிக் கழித்தேன். கையில் வந்ததெல்லாம் டிஃபெண்ட். அந்த நேரம் பார்த்து எதிரே வந்தது கிரெம்லின் நாப். அடி அல்லாத ஸ்கில் சீட்டை நாம் ஆடும்போதெல்லாம் அவனுக்கு 2 பலம் கூடும். டிஃபெண்ட் ஒரு ஸ்கில். தடுக்கத் தடுக்க அவன் கொழுத்தான். அடிக்கச் சீட்டில்லை. நான்காவது சுற்றில் ஆட்டம் முடிந்தது.

ஸ்பயர் கடையில் கழிக்க 75 தங்கம் கேட்கிறான். அதே காசுக்கு நல்ல சீட்டு வாங்கலாமே?

முதல் முறை 75. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 25 ஏறும்: 100, 125, 150. ஒரு கடையில் ஒரு முறைதான் கழிக்க முடியும். மூன்று முறைக்கு மொத்தம் 300 தங்கம். ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பதே 99 தான்.

அடுத்து வரப்போகிற பெரிய சண்டையில் உங்களுக்குக் குறைகிற ஒன்று கடையில் இருந்தால் அதை வாங்குங்கள். கூட்டத்தை அடிக்கச் சீட்டே இல்லாதவன் ஸ்ட்ரைக்கைக் கழித்து என்ன செய்ய? கடையில் அப்படி எதுவும் இல்லையென்றால் கழியுங்கள். ‘பரவாயில்லை’ என்று தோன்றுகிற சீட்டை 75-க்கு வாங்குவதை விட 75-க்கு ஒரு ஸ்ட்ரைக்கைக் கழிப்பது எனக்குப் பிடிக்கும். நான்காவது தடவை 150 கேட்கும்போது அந்தக் காசு கிட்டத்தட்ட ஒரு சாதாரண ரெலிக் விலை (ரெலிக் என்பது சீட்டு அல்ல, கூடவே இருந்து உதவும் பொருள்). அப்போது பெரும்பாலும் ரெலிக்தான்.

ஸ்மைலிங் மாஸ்க் என்ற ரெலிக் கிடைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம், விலை எப்போதும் 50. பீஸ் பைப் என்ற ரெலிக் கிடைத்தால் ஓய்வெடுக்கும் இடத்திலும் கழிக்கலாம். ஆனால் அங்கே கழித்தால் தூங்கி உயிர் ஏற்றவோ சீட்டை மெருகேற்றவோ முடியாது, ஏதோ ஒன்றுதான்.

முதலில் ஸ்ட்ரைக்கா, டிஃபெண்டா?

ஸ்ட்ரைக். நல்ல அடிச் சீட்டுகள் சீக்கிரமே கிடைத்துவிடும், 6 அடிக்கு மதிப்பு மளமளவென்று குறையும். தடுப்புச் சீட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் மாற்று அமையாது. விதிவிலக்கு, பர்ஃபெக்டட் ஸ்ட்ரைக் எடுத்தவர்கள். பெயரில் ‘ஸ்ட்ரைக்’ உள்ள ஒவ்வொரு சீட்டுக்கும் அதன் அடி 2 கூடும், தன்னையும் சேர்த்து. அந்தக் கட்டில் ஸ்ட்ரைக்கைக் கழிப்பது சொந்த வீட்டுச் செங்கல்லைப் பிடுங்குவது.

ஸ்பயரில் சாபச் சீட்டு வந்துவிட்டது. ஓடிப்போய்க் கழிக்க வேண்டுமா?

என்ன சாபம் என்று பாருங்கள். நார்மாலிட்டி என்றால் ஆமாம், ஓடுங்கள். அது கையில் இருக்கிற சுற்றில் மூன்று சீட்டுக்கு மேல் ஆட முடியாது. க்ளம்ஸி என்றால் அவசரமில்லை, கையில் வந்த சுற்றின் முடிவில் அந்தச் சண்டையை விட்டே போய்விடும். பாரசைட்டைக் கழித்தால் மொத்த உயிரில் 3 போகும், யோசித்துச் செய்யுங்கள். பத்தாம் அசென்ஷன் என்கிற கடின நிலையிலிருந்து கூடவே வருகிற சாபத்தைக் கழிக்கவே முடியாது. டு-வூ டால் என்ற ரெலிக் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு சாபமும் ஒரு பலம் தரும், அவர்கள் சாபத்தோடு சந்தோஷமாக இருக்கலாம்.

கட்டை எவ்வளவு ஒல்லியாக்கலாம்? ஐந்தாறு சீட்டோடு ஆடினால் ஒவ்வொரு சுற்றும் எல்லாமே கைக்கு வருமே?

வரும். ஐயன்கிளாட்டின் ட்ராப்கிக் இரண்டு, எதிரியைப் பலவீனப்படுத்த (ஆட்டத்தின் பாஷையில் ‘வல்னரபிள்’ ஆக்க) ஒன்று, கூட நாலைந்து சீட்டு என்று கட்டை ஒடுக்கினால் ஒரே சுற்றில் முடிவே இல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கலாம். பலவீனப்பட்ட எதிரியின் மேல் ட்ராப்கிக் ஆடினால் செலவழித்த சக்தியும் திரும்பி வரும், ஒரு சீட்டும் வரும். செய்து பார்த்தால் ஆனந்தமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் கட்டத்தில் டைம் ஈட்டர் என்ற தலைவன் வந்தால் 12 சீட்டு ஆடியதும் உங்கள் சுற்றை முடித்துவிட்டுத் தன் பலத்தை 2 ஏற்றிக்கொள்வான். கடைசியில் இருக்கும் ‘இதயம்’ என்ற எதிரி இன்னும் மோசம். ஒரு சுற்றுக்கு 300-க்கு மேல் அடி வாங்காது, நீங்கள் ஆடுகிற ஒவ்வொரு சீட்டுக்கும் திருப்பி ஒன்று குத்தும்.

ஒல்லிக் கட்டின் இன்னொரு பலவீனம், எதிரி நம் கட்டுக்குள் குப்பை திணிப்பது. சேர்ந்து வரும் சென்ட்ரி என்ற எதிரிகள் மூன்றும் டேஸ்டு என்கிற ஆட முடியாத சீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 8 சீட்டுக் கட்டில் நான்கு டேஸ்டு விழுந்தால் கட்டில் மூன்றில் ஒரு பங்கு குப்பை. 24 சீட்டுக் கட்டில் அதே நான்கு ஏழில் ஒரு பங்குதான்.

பேரணாம்பட்டில் என் தாய்மாமா தோல் தொழிற்சாலையில் ஷேவிங் மெஷினில் வேலை பார்த்தார். பதனிட்ட தோலை ஒரே கனமாகச் சீவுகிற மெஷின். சீவல் கொஞ்சம் குறைந்தால் திரும்பவும் மெஷினில் விடலாம், கூடிப்போனால் அந்தத் தோலை ஷூவுக்கு மேல்தோலாகப் போட முடியாது என்பார். சீவியதை ஒட்ட வைக்க முடியாது. ஸ்பயரில் கழித்த டிஃபெண்டையும் அப்படித்தான், திருப்பிக் கேட்டு வாங்க இடம் கிடையாது. இன்னும் ஒன்று கழிக்கலாமா என்று சந்தேகம் வந்தால் நான் கழிக்காமல் விட்டுவிடுகிறேன்.

என் ஸ்பயர் ஆட்டங்களில் ஜெயித்தவை பெரும்பாலும் 20-க்கும் 30-க்கும் நடுவிலான சீட்டுகளோடுதான் முடிந்திருக்கின்றன. அதில் கழித்தது நான்கைந்து இருந்தால் அதிகம்.

நான்கைந்துதானா? அப்புறம் எதற்கு இவ்வளவு பேச்சு?

கழிப்பதை விட, சேர்க்காமல் விடுவது பெரிய வேலை. ஸ்பயரில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று சீட்டைக் காட்டி ஒன்று எடுக்கச் சொல்வான். எடுக்காமல் போகலாம் என்று கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. எங்கள் மாடிக்கு வருகிற பையன்களுக்கு அதை அமுக்கக் கை வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் எழுந்திருக்கத் தயங்குகிற மாதிரி, கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். இரண்டாம் கட்டத்தில் 30 சீட்டு சேர்ந்துவிடும். அப்புறம் கடையில் 75 கொடுத்து ஒன்றைக் கழித்து ‘கட்டை மெலிய வைத்துவிட்டேன்’ என்பார்கள்.

இதற்கும் கணக்கு உண்டு. உங்களிடம் ஒரு சூப்பர் சீட்டு இருக்கிறது. முதல் கையில் அது வர 10 சீட்டுக் கட்டில் 50 சதவீத வாய்ப்பு. ஒன்றைக் கழித்து 9 ஆக்கினால் கிட்டத்தட்ட 56. 20 சீட்டுக் கட்டில் 25 சதவீதம். அதில் ஒன்றைக் கழித்தால் 26 சொச்சம். ஒல்லிக் கட்டில் ஒன்று கழித்தால் பளிச்சென்று தெரியும், பருத்த கட்டில் தெரியவே தெரியாது. இரண்டு சீட்டு சேர்ந்து வந்தால்தான் வித்தை நடக்கும் என்றால் இன்னும் மோசம். இரண்டும் முதல் கையிலேயே வருவதற்கு 10 சீட்டில் 22 சதவீதம், 15-இல் ஒன்பதரை, 20-இல் ஐந்து சொச்சம்.

பருத்த கட்டு எப்போதாவது நல்லதா?

டொமினியனில் கார்டன்ஸ் என்ற சீட்டு, கட்டில் உள்ள ஒவ்வொரு 10 சீட்டுக்கும் ஒரு புள்ளி தரும். அந்த ஆட்டத்தில் காப்பரைக்கூட அள்ளிக்கொள்வார்கள். ஒருவர் அந்த வழியில் போகிறார் என்று தெரிந்தும் நீங்கள் நிதானமாகச் சேப்பலில் உட்கார்ந்திருந்தால் நடுவில் வாங்குவதற்கு வைத்திருக்கும் சீட்டுக் குவியல்களைக் காலி செய்து ஆட்டத்தை முடித்துவிடுவார். எங்கள் அக்கா மகன் என்னை இரண்டு முறை இப்படித்தான் கவிழ்த்தான். “மாமா, நீ கழிச்சிட்டே இரு” என்று சிரிக்கிறான்.

ஆட்டத்துக்குள்ளேயே காணாமல் போகிற சீட்டுகளும் கணக்கில் சேருமா?

சேரும், பலர் இதை மறக்கிறார்கள். ஸ்பயரில் பவர் சீட்டை ஒரு முறை ஆடினால் அந்தச் சண்டை முடியும்வரை கட்டுக்குத் திரும்பாது. எக்ஸாஸ்ட் ஆகிற சீட்டுகளும் அப்படியே. ஐந்து பவர் உள்ள 25 சீட்டுக் கட்டு, ஐந்தையும் ஆடி முடித்ததும் 20 சீட்டுக் கட்டு. ட்ரூ கிரிட், செகண்ட் விண்ட் மாதிரி சண்டைக்குள்ளேயே எரித்துத் தள்ளுகிற சீட்டுகள் இருந்தால் கடைக்காரனுக்குக் காசு கொடுக்க அவ்வளவு அவசியமில்லை.

எப்போது நிறுத்துவது?

டொமினியனில் ப்ராவின்ஸ் வாங்கத் தொடங்கியதும். ப்ராவின்ஸ் 8 காசு, 6 புள்ளி. இருவர் ஆட்டத்தில் 8 ப்ராவின்ஸ்தான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை, ஜெயிக்க வாங்குகிற ப்ராவின்ஸே கட்டில் செத்த சீட்டு. இத்தனை நாள் இளைக்க வைத்த கட்டை நாமே ஊத வைக்கிறோம். அந்தக் கட்டத்தில் மிச்சமிருக்கிற எஸ்டேட்டைக் கழிக்காதீர்கள். மூன்று எஸ்டேட் என்பது 3 புள்ளி, அரை ப்ராவின்ஸ். ஒரு புள்ளியில் தோற்றவர்கள் எங்கள் மாடியில் உண்டு.

காப்பரைக் கழிப்பதை அதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சில்வர், கோல்டு வருவதற்குள் காப்பரையெல்லாம் கழித்துவிட்டால் கட்டு ஒல்லியாக, அழகாக, கையில் காசே இல்லாமல் நிற்கும்.

ஸ்பயரில் எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாக இல்லை. கடைசித் தலைவனுக்கு முந்தைய கடையில் கையில் காசு மிச்சமிருந்தால் கழிக்கலாம். அதன் பலன் ஒரே ஒரு சண்டைக்குத்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்து, பக்கத்தில் நல்ல மருந்துக் குப்பி விற்கிறானா என்று முதலில் பாருங்கள்.

பழகுவதற்கு எதில் தொடங்கலாம்?

போனில் ஸ்பயர். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். புதியவர்களுக்கு அரக்கோணத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.